வாடகைக் கார் சாவி கையில் வந்துவிட்டால் போதுமா? மியூனிக் வாழ்க்கையில் ஊர் சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அலுவலக கேன்டீனில் ஒரு தம்பி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கோயம்புத்தூர்க்காரர். மியூனிக் வந்து எட்டு மாதம் ஆகிறது. "அக்கா, சனிக்கிழமை கார் எடுத்துக்கிட்டு ஆல்ப்ஸ் பக்கம் போறோம். அஞ்சு பேரு. நான்தான் ஓட்டறேன்" என்றார். லைசென்ஸ் பற்றிக் கேட்டேன். ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கி வந்த இன்டர்நேஷனல் பர்மிட்டை எடுத்துக் காட்டி, "இது ஒரு வருஷம் செல்லும்" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 11 வருடத்துக்கு முன்னால் இதே சொற்களை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, குளிருக்கு நல்ல ஜாக்கெட் வேண்டும் என்பதெல்லாம் வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். வந்து ஆறேழு மாதம் ஆகி, ஊர் பழகிவிட்டது என்று தைரியம் வந்த பிறகு செய்கிற தவறுகள்தான் இங்கே.

இந்திய லைசென்ஸில் ஆறு மாதத்துக்குப் பிறகும் கார் ஓட்டுவது

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் வரைதான் இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லும். இங்கே தங்குவது மொத்தமே ஒரு வருடத்துக்குள்தான் என்று காட்ட முடிந்தவர்கள் விண்ணப்பித்தால் இன்னும் 6 மாதம் வரை நீட்டித்துத் தரலாம். வேலை ஒப்பந்தத்தோடு வந்து நிரந்தரமாக வசிக்கும் நமக்கு அந்த வழி இல்லை.

இன்டர்நேஷனல் பர்மிட்டுக்குத் தனி உயிர் கிடையாது. அது நம் இந்திய உரிமத்தின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். மூல உரிமம் இங்கே செல்லாமல் போன அன்றே மொழிபெயர்ப்பும் செல்லாது. அதன் அட்டையில் ஒரு வருடம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சுற்றுலாவுக்கு வந்து போகிறவருக்குச் சரியாக இருக்கும் கணக்கு, குடியிருப்பவருக்குப் பொருந்தாது. நடுவில் ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தொடங்காது.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்லூரி நாளிலிருந்தே மதுரையில் கார் ஓட்டியவள் நான். மாட்டுத்தாவணி நெரிசலில் ஓட்டியவளுக்கு ஜெர்மன் சாலை ஒரு பொருட்டா என்று நினைத்தேன். வந்த ஒன்பதாவது மாதம், ஜூன் கடைசியில், நானும் வீட்டுக்காரரும் ஒரு தோழி குடும்பமும் சேர்ந்து ஆல்ப்ஸ் நெடுஞ்சாலையில் மூன்று நாள் போவதாகத் திட்டம் போட்டோம். லிண்டௌ ஊரில் ஏரிக்கரையில் தொடங்கி மலையடிவாரத்தோடு கிழக்கே க்யோனிக்ஸே ஏரி வரை 450 கிலோமீட்டருக்கு மேல் போகும் சாலை அது. வாடகை நிறுவனத்தின் கவுன்டரில் பாஸ்போர்ட், உரிமம், பர்மிட், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார்கள். எப்போதிலிருந்து இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார்கள். சாவி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்றுவரை எனக்கு ஆறாத எரிச்சல் இதில்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அந்த வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஆனால் சட்டப்படி அது ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கவுன்டரில் கேட்கவில்லை என்பது எந்த இடத்திலும் பதிலாக நிற்காது.

இரண்டாம் நாள் மதியம், ஓபராமர்கௌ ஊரில், வாகன நிறுத்துமிடத்தில் பின்னால் எடுக்கும்போது நின்றுகொண்டிருந்த ஒரு காரின் கதவில் இடித்துவிட்டேன். பெரிய இடி ஒன்றும் இல்லை, ஒரு முழ நீளத்துக்கு நசுங்கல். அந்தக் காரின் சொந்தக்காரர் பக்கத்தில் இல்லை. ஒரு சீட்டு எழுதி கண்ணாடியில் செருகிவிட்டுப் போனால் இங்கே அது விபத்து செய்துவிட்டு ஓடிய குற்றமாகிவிடும் என்று தோழி சொன்னாள். அது உண்மை. அதனால் போலீஸைக் கூப்பிட்டோம். செய்ததில் அது ஒன்றுதான் சரி.

வந்த அதிகாரி மரியாதையாகப் பேசினார். உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு நாளாக இங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்டார். நன்றாக ஜெர்மன் பேசிக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், ஒன்பது மாதமாக என்று முழு வாக்கியமாகப் பதில் சொன்னேன். அவர் முகம் மாறியது. சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரருக்கும் தோழியின் கணவருக்கும் அதே நிலைமை, அவர்களும் ஓட்ட முடியாது. கார் அங்கேயே நின்றது. நாங்கள் குழந்தைகளோடும் பெட்டிகளோடும் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம்.

உரிமம் இல்லாமல் ஓட்டுவது இங்கே போக்குவரத்து விதிமீறல் கணக்கில் வராது. அது குற்றவியல் வழக்கு. ஒரு வருடம் வரை சிறை அல்லது அபராதம் என்று சட்டம் சொல்கிறது. சில வாரம் கழித்து நீதிமன்றத்திலிருந்து மஞ்சள் உறையில் கடிதம் வந்தது. அபராதத்தை நாள் கணக்கில் போடுவார்கள். மாதம் கைக்கு வரும் வருமானத்தை 30-ஆல் வகுத்தால் வருவது ஒரு நாள் தொகை. எனக்கு 30 நாள் போட்டார்கள். ஒரு மாதச் சம்பளம் அப்படியே போயிற்று. அதற்கு மேல் வாடகைக் காரின் சேதம். முழுக் காப்பீடு எடுத்திருந்தேன், ஆனால் செல்லுபடியாகும் உரிமம் இல்லாதவர் ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. காரை மீட்டுக் கொண்டுபோன செலவும் எங்கள் தலையில் விழுந்தது. அடுத்த வருடம் ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த பணம் அதிலேயே கரைந்தது. பிற்பாடு நிரந்தர வசிப்பு உரிமைக்கு விண்ணப்பித்தபோது அந்தத் தண்டனையைப் பற்றி விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. விண்ணப்பம் நிற்கவில்லை, ஆனால் பதில் வரும் வரை எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

என்ன செய்ய வேண்டும்? வந்த முதல் மாதத்திலேயே ஜெர்மன் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். உரிமத்தை அப்படியே மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை, அதனால் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. கட்டாய வகுப்புகள் மட்டும் நமக்கு விலக்கு. கண் பரிசோதனையும் முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதலாம், 30 கேள்விகள். கட்டாயம் இல்லை என்பதற்காக ஓட்டு வகுப்பே எடுக்காமல் போகாதீர்கள். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும் என்ற விதி நம் கைகால்களில் ஊறியிருக்காது. திரும்பும் முன் கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும், கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது. அதை இரண்டு தடவை விட்டதற்கே முதல் ஓட்டுத் தேர்வில் நான் தோற்றேன். பதினைந்து வருட அனுபவம் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததில் பாதியை மறக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. அந்த மூன்று நாளில் நாங்கள் பார்க்க நினைத்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கார் தேவையே இல்லை. ஃப்ரைலாசிங்கில் ரயில் மாறி பெர்ஷ்டெஸ்காடன் போனால், ஸ்டேஷன் வாசலிலிருந்து க்யோனிக்ஸே ஏரிக்குப் பேருந்து இருக்கிறது. அந்த ஏரியில் 1909 முதல் மின்சாரப் படகுதான் ஓடுகிறது. நடுவில் படகை நிறுத்தி ஒருவர் டிரம்பெட் ஊதுவார், எதிரே செங்குத்தாக நிற்கும் பாறை அதைத் திருப்பி ஊதும். இரண்டு வருடம் கழித்து ரயிலில் போய்த்தான் அதைக் கேட்டேன்.

அந்தத் தம்பி முன்பதிவை ரத்து செய்துவிட்டார். ஐந்து பேரும் ரயிலில் போனார்கள்.

சால்ஸ்பர்க் வேறு நாடு என்பதை மறப்பது

மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்துக்குள் உள்ளூர் ரயில்களில் ஒரு நாள் செல்லும் பையர்ன் டிக்கெட், நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துகளில் மாதம் முழுவதும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் இரண்டுமே சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை செல்லும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளூர் டிக்கெட்டிலேயே போய் இறங்குவதால் எல்லை தாண்டியதே மனதில் பதியாது. ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஒன்றே முக்கால், இரண்டு மணி நேரத்தில் ஆஸ்திரியா.

போகும்போது ஒருவரும் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது ஃப்ரைலாசிங்கில் ஜெர்மன் காவலர்கள் ஏறுவார்கள். 2015 செப்டம்பரில் இந்த எல்லையில் மறுபடி ஆரம்பித்த சோதனை இன்னும் நிற்கவில்லை. வசிப்பு அட்டை பர்ஸில் இருக்கிறதே என்று நம்மவர்கள் தைரியமாக நீட்டுகிறார்கள். அந்த அட்டை பாஸ்போர்ட்டோடு சேர்ந்தால்தான் பயண ஆவணம். தனியாக அதற்கு எல்லை தாண்டும் தகுதி இல்லை. எங்கள் குழுவில் ஒரு குடும்பம், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கத் தூதரகத்தில் கொடுத்துவிட்டு, சும்மா இருக்கும் வார இறுதி என்று சால்ஸ்பர்க் போனது. கைக்குழந்தையோடு இரவு வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்போர்ட் கையில் இல்லாத வாரங்களில் பவேரியாவுக்குள்ளேயே சுற்றுங்கள். ரேகன்ஸ்பர்க், பாம்பெர்க், பாசௌ என்று ஊர்களுக்குப் பஞ்சமில்லை.

ஜெர்மன் வசிப்பு அட்டையை வைத்து லண்டன் டிக்கெட் போடுவது

செல்லாது. அயர்லாந்துக்கும் செல்லாது. தனி விசா.

எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறுவது

மியூனிக்கிலிருந்து தெற்கே மலைப்பக்கம் போகும் ரயில் ஒன்றாகக் கிளம்பி வழியில் மூன்றாகப் பிரியும். ஹோல்ட்ஸ்கிர்ஷனில் ஒரு பகுதி கழன்று பையரிஷ்ட்செல் போகும். மிச்சம் ஷாஃப்ட்லாக்கில் இரண்டாகி, ஒன்று தேகர்ன்ஸே ஏரிக்கும் இன்னொன்று லெங்க்ரீஸுக்கும் போகும். உள்ளே ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது. நம் ஊரில் ரயில் ஏறினால் கடைசி வரை ஒரே ரயில் என்ற பழக்கத்தில், எது காலியாக இருக்கிறதோ அதில் ஏறிவிடுகிறோம். பெட்டியின் வெளிப்பக்கப் பலகையில் ஊர்ப் பெயர் ஓடும். அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். கூட்டமாகப் போகும்போது எல்லோரும் ஒரே பகுதியில் இருக்கிறோமா என்று ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.

வார நாளில் காலை 9 மணிக்கு முன் பையர்ன் டிக்கெட்

செல்லாது. சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளில் நள்ளிரவிலிருந்தே செல்லும்.

லீவை ஊருக்கென்றே மொத்தமாகச் சேர்த்து வைப்பது

வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள் விடுப்பு. பல நிறுவனங்கள் 30 வரை தருகின்றன. முதல் மூன்று வருடம் அத்தனையையும் டிசம்பரில் மதுரைக்கே வைத்துக்கொண்டேன். அம்மா அப்பாவைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு எல்லோருக்கும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் விடுமுறையோடு ஒட்டி வரும் ஒற்றை நாட்களை நான் கவனிக்கவே இல்லை. பவேரியாவில் கத்தோலிக்கர்கள் பெருவாரியாக இருக்கும் ஊர்களில் வருடத்துக்கு 13 பொது விடுமுறை. மே, ஜூன் மாதங்களில் வரும் விடுமுறைகளில் இரண்டு எப்போதும் வியாழக்கிழமை. வெள்ளி ஒரு நாள் எடுத்தால் நான்கு நாள் கிடைக்கிறது. இதைப் 'பால நாள்' என்பார்கள். உடன் வேலை செய்யும் ஜெர்மானியர்கள் ஜனவரியிலேயே அந்த வெள்ளிகளைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். ஏப்ரலில் போய்க் கேட்டால், யாராவது ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டுமே என்று நம்மை இருக்கச் சொல்வார்கள். நான் அப்படித்தான் மூன்று வருடம் இருந்தேன்.

பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்களா? விமான டிக்கெட் மலிவு என்று விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பாதீர்கள். பவேரிய விமான நிலையங்களில் போலீஸ் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பார்த்து விசாரித்து, பெற்றோர் மேல் நடவடிக்கைக்கு அனுப்பிய சம்பவங்கள் உண்டு. அபராதம் வரும். பள்ளியில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனைக்கு டிக்கெட்டில் உள்ள நேரத்தில் அடிவாரத்தில் நிற்பது

டிக்கெட்டில் இருப்பது மேலே வாசலில் நிற்க வேண்டிய நேரம். கீழே ஊரிலிருந்து ஏற அரை மணிக்கு மேல் ஆகும். பெரியவர்கள், குழந்தைகள் என்றால் இன்னும் கூடும். நேரம் தவறினால் டிக்கெட் போனது போனதுதான்.

என்னைக் கேட்டால் லிண்டர்ஹோஃப் போங்கள் என்பேன். பவேரிய மன்னன் இரண்டாம் லூட்விக் கட்டியவற்றில் அவன் உயிரோடு இருக்கும்போதே முழுதாகக் கட்டி முடிந்தது அது ஒன்றுதான். நொய்ஷ்வான்ஸ்டைன் அரைகுறையாக இருக்கும்போதே 1886-இல் அவன் இறந்துபோனான். 2025-இல் யுனெஸ்கோ இவை இரண்டையும் அவனுடைய வேறு இரண்டு மாளிகைகளோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டது.

ஓபராவை மார்கழிக் கச்சேரி போல நினைப்பது

சபாவில் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கேன்டீன் போய் காபி குடித்துவிட்டு வரலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இங்கே நேஷனல் தியேட்டரில் 7 மணி என்றால் 7 மணிக்குக் கதவு சாத்திவிடும். நான்கு நிமிடம் தாமதமாகப் போய், இடைவேளை வரை வெளியே நின்றிருக்கிறேன். கோட்டை உள்ளே எடுத்துப் போகக் கூடாது, அதை ஒப்படைக்க வரிசை இருக்கும். அரை மணி முன்னதாகப் போங்கள்.

விலையைப் பார்த்துப் பயந்து ஒதுங்குவது அதைவிடப் பெரிய தவறு. மேல்தளத்தில் நின்று கேட்கும் இடங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டு விலையில் கிடைக்கும். கோடையில் ஓபரா விழா நடக்கும்போது ஒரு மாலை தியேட்டருக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் பெரிய திரை கட்டி உள்ளே நடப்பதை நேரலையாக, இலவசமாகக் காட்டுகிறார்கள். பாயும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து தரையில் உட்கார்கிறார்கள். கோயில் திருவிழாவில் கச்சேரி கேட்டு வளர்ந்த எனக்கு, இந்த ஊரோடு ஒட்டுதல் வந்தது அப்படி உட்கார்ந்த ஓர் இரவில்தான். பினகோதேக் ஓவியக்கூடங்களும் ஞாயிற்றுக்கிழமை 1 யூரோதான். ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1500-இல் தன்னையே வரைந்த ஓவியம் ஆல்டே பினகோதேக்கில் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.

மலையில் ஏறும் நேரத்தை மட்டும் கணக்குப் பார்ப்பது

பாதைப் பலகையில் நீலம் என்றால் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். புதிதாக வந்தவர்கள் படம் பார்த்து ஆசைப்பட்டு, ஓடும் ஷூவில் கறுப்புப் பாதையில் ஏறுகிறார்கள். கடைசி கேபிள் கார் மாலையில் சீக்கிரம் நின்றுவிடும், கடைசிப் பேருந்தும் அப்படியே. இரண்டையும் காலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடில்களில் பல இடத்தில் கார்டு வாங்க மாட்டார்கள், கையில் பணம் வேண்டும். அவசரத்துக்கு 112. சிக்னல் இல்லாவிட்டால் டார்ச்சாலோ விசிலாலோ ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை சைகை கொடுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது மலைக்குப் போகிறவர்கள் ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். 1869-இல் இதே மியூனிக்கில் தொடங்கிய சங்கம். உறுப்பினர் கட்டணத்திலேயே மலை மீட்புச் செலவுக்கான காப்பீடு அடங்கியிருக்கிறது.

ஸ்விட்சர்லாந்தில் மொபைல் டேட்டாவை அணைக்காமல் இருப்பது

அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பில் வந்த பிறகு தெரியும்.

பெற்றோரை 12 நாளில் ஐந்து நாடு இழுத்துக்கொண்டு போவது

விசா, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, டிக்கெட் என்று இவ்வளவு செலவு செய்து வரவழைத்தோமே, எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று தோன்றும். நான் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், இன்டர்லாகன் என்று வரிசையாக முன்பதிவு செய்து வைத்திருந்தேன். நாலாவது நாளே அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அப்பா எதற்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர், எல்லா இடத்திலும் என் பின்னாலேயே பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். ஊருக்குப் போன பிறகு அவர்கள் அக்கம்பக்கத்தில் பேசியதெல்லாம் இங்கே மியூனிக்கில் ஈசர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களைப் பற்றியும், விக்டுவாலியன் சந்தையில் வாங்கிய செர்ரிப் பழங்களைப் பற்றியும்தான்.

இரண்டாவது முறை அவர்கள் வந்தபோது ஒரே ஒரு வெளியூர்ப் பயணம் வைத்தேன். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர். ஈழத் தமிழர்கள் எழுப்பிய கோயில். இப்போது இருக்கும் பெரிய கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு நடுவே கோபுரம் எழுந்து நிற்கும். நாதஸ்வரமும் தவிலும் முழங்க, ஜெர்மன் போலீஸ்காரர் சாலையை மறித்து வழி விட, வடம் பிடித்து இழுத்தார்கள். அம்மாவும் வடத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். முழங்கால் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர் கோடையின் தொடக்கத்தில் வரும். ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் கூடும் என்பதால் ஹாமிலும் பக்கத்து ஊர்களிலும் அறை கிடைப்பது கஷ்டம். தேதி அறிவித்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். ரயிலில் போகிறவர்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை நம்பி ஐசிஇ அதிவேக ரயிலில் ஏற வேண்டாம், அதற்குத் தனி டிக்கெட்.